சுணங்கிற கரி: தீவகத்துக்கு வெளிச்சம் வந்த வழிகள்

நெடுந்தீவில ஒரு மின்குமிழ் எரிய வேணுமெண்டா முதலில ஒரு படகு ஓட வேணும். பல பத்து வருடங்களாக நிலைமை இதுதான். ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு எல்லாம் தாம்போதியாலும் பாலத்தாலும் குடாநாட்டோடு ஒட்டிக் கிடக்கிற இடங்கள். வீதி போகிற இடத்துக்குக் கம்பியும் போகும். நயினாதீவு, அனலைதீவு, நெடுந்தீவு அப்படியில்லை. தேசிய மின்வலை அங்கே போகவில்லை. அங்கே மின்சாரம் என்றால் மின்சார சபையின் ஜெனரேற்றர். ஜெனரேற்றர் என்றால் டீசல். டீசல் என்றால் கடல் கடந்து வாற டீசல். காத்து அடிச்சுக் கடல் கொந்தளிக்கேக்க ஆக்கள் மட்டுமில்லை, எரிபொருளும் இந்தப் பக்கமே நிக்கும்.

இதை யோசிக்கேக்க எனக்கு ஒரு சின்னப் பிள்ளைத்தனமான கேள்வி வந்தது. டீசல் என்பது என்ன? காபனும் ஐதரசனும் சேர்ந்த ஒரு திரவம். காபன் எங்களிட்ட இல்லாத சாமானா? தீவகம் முழுக்கப் பனை. ஓலை, கங்குமட்டை, பன்னாடை, ஊமல், எதைச் சுட்டாலும் கரிதான். அந்தக் கரியோடு ஐதரசனைச் சேர்த்தால் மெதேன் வரும். தமிழ்நாட்டுக்காரர் மீத்தேன் என்று சொல்லுகிற அதே வாயு. ஒரு காபன் அணு, நாலு ஐதரசன் அணு, அவ்வளவுதான். அடுப்பும் எரியும், எஞ்சினும் ஓடும். கொப்பியில் எழுதினால் அரை வரிச் சமன்பாடு. அப்ப ஏன் மனிசர் நிலத்தையும் கடலையும் தோண்டித் தோண்டி எண்ணெயும் வாயுவும் தேடிக்கொண்டு இருக்கினம்?

நான் கலைப்பீடம். சாதாரண தரத்தோடு இரசாயனவியலுக்குக் கும்பிடு போட்ட ஆள். ஆனால் இந்தக் கேள்விக்குப் பதில் தேடப் போய் வரலாற்றுக்குள்தான் வந்து விழுந்தேன். பதில் ஒரே சொல்: வீதம். கரி எல்லா வாயுக்களோடும் சேரும். ஆனால் எல்லாவற்றோடும் ஒரே வேகத்தில் சேராது.

ஒரு செக்கனும் ஒரு வருடமும்

1959ஆம் ஆண்டு அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிலிப் வோக்கரும் இரண்டு சகாக்களும் காபன் வெவ்வேறு வாயுக்களோடு தாக்கம் புரியும் வேகங்களை ஒரு நீண்ட கட்டுரையில் தொகுத்தார்கள். வெப்பநிலை 800 பாகை செல்சியஸ். அமுக்கம் சாதாரண வளிமண்டலத்தில் பத்தில் ஒரு பங்கு. அங்கே கரி காபனீரொட்சைட்டோடு சேரும் வேகத்தை 1 என்று வைத்தால், நீராவியோடு 3. ஒட்சிசனோடு 100,000. ஐதரசனோடு 0.003.

இவை அண்ணளவான எண்கள். கரிக்குக் கரி மாறும். ஆனாலும் இந்த எண்களை நேரமாக மாற்றிப் பாருங்கோ. ஒட்சிசன் ஒரு செக்கனில் தின்கிற கரியைத் தின்ன நீராவிக்கு 9 மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும். காபனீரொட்சைட்டுக்கு ஒரு நாளும் கிட்டத்தட்ட 4 மணித்தியாலமும். ஐதரசனுக்கு? ஒரு வருடமும் மூன்று கிழமையும்.

சரி, வெப்பத்தைக் கூட்டினால் வேகம் கூடும்தானே? கூடும். ஆனால் இங்கேதான் சிக்கல். கரியும் ஐதரசனும் சேர்ந்து மெதேன் ஆகும்போது வெப்பம் வெளியே வருகிறது. அப்படி வெப்பத்தை வெளிவிடும் தாக்கம், சூடு கூடக் கூடப் பின்பக்கம் திரும்பப் பார்க்கும். உண்டான மெதேனே உடைந்து மறுபடி காபனும் ஐதரசனுமாகப் போகும். சூடு குறைந்தால் தாக்கம் சுணங்கும், கூடினால் திரும்பிவிடும். இரண்டுக்கும் நடுவில் தப்ப ஒரே வழி அமுக்கம். இரண்டு ஐதரசன் மூலக்கூறு சேர்ந்துதான் ஒரு மெதேன் மூலக்கூறு வருகிறது. ஆகவே போட்டு அமத்தினால், குறைந்த இடம் பிடிக்கிற மெதேன் பக்கமே தாக்கம் சாயும். இதுக்கு வளிமண்டலத்தைப் போல பத்து மடங்கு, ஐம்பது மடங்கு அமுக்கம் வேணும். அதைத் தாங்குகிற தடித்த உருக்குக் கலங்கள் வேணும். அரை வரிச் சமன்பாடு இப்படித்தான் ஒரு பெரிய தொழிற்சாலையாக வளர்ந்து போகிறது.

கரிக்கு வயதும் இருக்கு. அப்போதுதான் சுட்டு உண்டான புதுக்கரி, உயர் அமுக்கத்தில் ஐதரசனைக் கண்டவுடன் முதல் சில கணங்களுக்கு விறுவிறு என்று மெதேனாகும். பிறகு மிச்சக் கரி மந்தமாகிவிடும். முன்பே கூடுதலான வெப்பத்தில் சுட்ட கரி என்றால் இன்னும் மந்தம். உள்ளே காபன் தாள்கள் ஒழுங்காக அடுக்குப்பட்டுப் போவதால் வாயு தொடுவதற்கு விளிம்புகள் குறைந்துவிடும்.

இந்த வேகப்பட்டியலை ஏணி மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். எரிபொருளின் வரலாற்றை அதன் ஒவ்வொரு படியிலும் பார்க்கலாம்.

வேகமான படி

முதல் படி ஒட்சிசன். இது எல்லாருக்கும் தெரிந்தது: அடுப்பு, சூளை, கொல்லன் பட்டறை. துருத்தி செய்கிற வேலை இதுதான், கரிக்கு ஒட்சிசனை அடிச்சுக் குடுக்கிறது. தட்டான் ஊதுகுழலால் ஊதுவதும் அதற்குத்தான். இந்தப் படியில் கரிக்கு யாரும் கெஞ்சத் தேவையில்லை. ஆனால் கிடைப்பது வெப்பம் மட்டும். அந்த வெப்பத்தைக் குழாயில் அனுப்ப முடியாது, போத்தலில் அடைக்க முடியாது, ஒரு கார் எஞ்சினுக்குள் நேரே விடவும் முடியாது.

நடுப்படிகள்

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பெற்றோலுக்குப் பங்கீடு வந்தது. சென்னை மாகாணத்தில் பஸ்கள் கரியில் ஓடின. அந்தக் காலத்து ஆக்கள் 'கரி பஸ்' என்று சொல்லும் வண்டிகள் இவை. பஸ்ஸோடு ஒரு பெரிய உருளை பொருத்தப்பட்டிருக்கும். அதுக்குள் மரக்கரி. காலையில் நெருப்பு மூட்டி, கையால் சுற்றுகிற ஊதியால் காற்றடித்து, வாயு வரும்வரை காத்திருந்துதான் வண்டியை எடுக்க வேணும்.

உருளைக்குள் நடந்தது ஏணியின் நடுப்படிகள். குறைவாக விட்ட காற்றில் கொஞ்சக் கரி எரிந்து காபனீரொட்சைட்டு ஆகும். அதுவும் நீராவியும் செந்தணலாக இருக்கும் மிச்சக் கரிக்குள்ளால் போகும்போது காபனோரொட்சைட்டும் ஐதரசனும் உண்டாகும். இவை இரண்டும் எரியும் வாயுக்கள். வடித்து, குளிர வைத்து, எஞ்சினுக்குள் விட்டால் பஸ் ஓடும். ஐரோப்பாவில் போர் முடியும் காலத்தில் கிட்டத்தட்ட பத்து இலட்சம் வாகனங்கள் இப்படி மரத்திலும் கரியிலும் ஓடின என்று கணக்கிடுகிறார்கள்.

இதில் ஒரு விசயம் கவனியுங்கோ. அந்த உருளைக்குள் செந்தணல் கரியும் இருந்தது, ஐதரசனும் இருந்தது. ஆனால் வெளியே வந்த வாயுவில் மெதேன் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான். அரைவாசிக்கும் மேல் வெறும் நைதரசன். சாதாரண அமுக்கத்தில் கரியும் ஐதரசனும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தும் ஒன்றை ஒன்று கண்டுகொள்ளவில்லை. ஒரு வருடமும் மூன்று கிழமையும் எடுக்கிற வேலைக்கு எந்த பஸ்தான் காத்து நிற்கும்?

கொழும்புக்கும் ஒரு கரிவாயுக் கதை இருக்கு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கே வீதி விளக்குகள் வாயுவில் எரிந்தன. இறக்குமதி செய்த நிலக்கரியைக் காற்றில்லாமல் மூடிய கலத்தில் சுட்டு அந்த வாயுவை எடுத்தார்கள். அப்படி எடுக்கிற வாயுவில் ஏறக்குறைய அரைவாசி ஐதரசன், கால்வாசிக்குக் கிட்ட மெதேன். ஆனால் அந்த மெதேனில் பெரும்பங்கு நிலக்கரி வேகும்போது தானாகக் கழன்று வந்தது. மிஞ்சிய கற்கரி அப்படியே கிடந்தது. புறக்கோட்டையில் 'காஸ் வேர்க்ஸ் வீதி' என்று இன்றைக்கும் ஒரு வீதி இருக்கு. கொழும்புக்குப் போனால் பெயர்ப்பலகையைப் பாருங்கோ.

நெய்வேலியில் 1960களில் பழுப்பு நிலக்கரியை வாயுவாக்கி, அதிலிருந்து எடுத்த ஐதரசனைக் கொண்டு யூரியா உரம் செய்தார்கள். அதுவும் நீராவிப் படிதான். அந்த உரத் தொழிற்சாலையும் பின்னர் மூடுப்பட்டது.

போர் முடிந்து பெற்றோல் திரும்பி வந்ததும் கரி பஸ்ஸின் உருளையைக் கழட்டி எறிந்தார்கள். ஒருவரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. இந்த மாதிரியை ஞாபகத்தில் வைத்திருங்கள், திரும்பத் திரும்ப வரும்: இலகுவான வழி அடைபட்டால் மெதுவான வழியைத் தேடுவார்கள், இலகுவான வழி திறந்தவுடன் தேடினதையும் மறந்துவிடுவார்கள்.

கடைசிப் படி

கரியை நேரடியாக ஐதரசனோடு சேர்த்து மெதேன் எடுக்கிற வேலையை 1930களில் பிரித்தானியாவில் எப். ஜே. டென்ற் என்ற ஆய்வாளர் கையில் எடுத்தார். நகரங்களுக்கு வாயு கொடுக்க நிலக்கரியை மட்டும் நம்பியிருந்த நாடு அது. உயர் அமுக்கத்தில் நிலக்கரியும் கரியும் எந்த வேகத்தில் மெதேனாகும் என்று அவரும் கூட வேலை செய்தவர்களும் பல வருடம் அளந்தார்கள். 1965இல் வடகடலில் இயற்கை வாயு கிடைத்தது. அதுக்குள் இருப்பது பெரும்பாலும் மெதேன், ஆயத்தமாக. அடுத்த பத்துப் பன்னிரண்டு வருடத்துக்குள் நாடு முழுக்க வீட்டு அடுப்புகளை இயற்கை வாயுவுக்கு மாற்றினார்கள். நிலக்கரி வாயு நிலையங்கள் மூடுப்பட்டன.

1973இல் அரபு நாடுகள் எண்ணெய்த் தடை போட்டதும் அமெரிக்கா பதறியது. சிக்காகோவில் 'ஹைகாஸ்' என்ற மாதிரி ஆலையில் நிலக்கரிக் கரியை வளிமண்டலத்தின் 70 மடங்கு வரை அமுக்கத்தில் ஐதரசன் நிறைந்த வாயுவோடு சேர்த்து மெதேன் எடுத்துப் பார்த்தார்கள். எக்ஸன் நிறுவனம் பொற்றாசியம் காபனேற்றை ஊக்கியாகக் கலந்து, ஏறக்குறைய 700 பாகையிலேயே நிலக்கரியையும் நீராவியையும் மெதேனாக்க முயன்றது. பொற்றாசியம் எங்களுக்குப் புதுச் சாமானில்லை. பாத்திரம் மினுக்க எடுக்கிற அடுப்புச் சாம்பலில் இருப்பதும் அதுதான். கரிக்குள் இருக்கும் சாம்பலே கரியின் வேகத்தை மாற்றும் என்பது இந்த ஆய்வுகள் காட்டிய முக்கியமான விசயம்.

1984இல் வடக்கு டகோட்டாவில் பழுப்பு நிலக்கரியிலிருந்து மெதேன் எடுக்கும் பெரிய ஆலை தொடங்கியது. அது கூட கடைசிப் படியில் ஏறவில்லை. நீராவிப் படியால் காபனோரொட்சைட்டும் ஐதரசனும் எடுத்து, அவை இரண்டையும் நிக்கல் ஊக்கியின் மேல் சேர்த்து மெதேனாக்கியது. சுற்றுவழி, ஆனால் வேகமான வழி. அடுத்த வருடமே எரிபொருள் விலை இறங்கி, ஆலையைக் கட்டிய கூட்டு நிறுவனத்தால் கடனைக் கட்ட முடியவில்லை. அரசாங்கம் பொறுப்பெடுக்க வேண்டி வந்தது. மறுபடியும் அதே கதை.

நெடுந்தீவின் பெயரில் ஒரு கிணறு

சிக்காகோவில் கரியை வற்புறுத்தி மெதேனாக்கப் பார்த்த அதே பத்தாண்டில், ஆயத்தமான எண்ணெயும் வாயுவும் தேடி எங்கட கடலுக்குள்ளும் துளை போட்டார்கள். 1976இல் அமெரிக்காவின் மரத்தன் நிறுவனம் பாக்குக் கடலில் இரண்டு ஆய்வுக் கிணறுகள் தோண்டியது. ஒன்றின் பெயர் 'பாக் பே 1'. மற்றதின் பெயர் 'டெல்ஃப்ற் 1'. டெல்ஃப்ற் என்பது ஒல்லாந்தர் நெடுந்தீவுக்கு வைத்த பெயர். வணிக அளவில் ஒன்றும் கிடைக்கவில்லை.

இதுக்கு இரண்டு வருடம் முன்னம், 1974 யூனில், இந்தியாவும் இலங்கையும் பாக்குக் கடலில் எல்லைக் கோடு போட்டன. கச்சதீவு இலங்கைப் பக்கம் வந்த ஒப்பந்தம் அது. நிர்வாகப்படி கச்சதீவு நெடுந்தீவுப் பிரதேச செயலகப் பிரிவுக்குள் வருகிறது. அந்த ஒப்பந்தத்தைப் பற்றி மேடைகளில் மீனைப் பற்றியும் திருவிழாவைப் பற்றியும்தான் கதைப்பார்கள். ஆனால் அதுக்குள் இன்னொரு பிரிவும் இருக்கு: எல்லைக் கோட்டுக்கு இரு பக்கமும் நீளும் எண்ணெய் அல்லது இயற்கை வாயுப் படிவு இருந்தால் இரண்டு அரசுகளும் பேசித் தீர்க்க வேணும் என்று. மெதேன் கிடைக்குமுன்னமே அதை யார் எடுப்பது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தக் கடலுக்கு நடுவில் குடியிருக்கிற சனத்திடம் யாரும் ஒரு சொல் கேட்கவில்லை.

2011இல் மன்னார்ப் படுகையில் கெய்ன் நிறுவனம் இரண்டு கிணறுகளில் இயற்கை வாயு கண்டது. அது இன்னும் ஒரு அடுப்புக்கும் வந்து சேரவில்லை.

வழி அடைபட்ட வருடங்கள்

எங்கட ஆக்களுக்கு இலகுவான வழி அடைபட்டது 1990இல். போர் மறுபடி தொடங்கியதும் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல், டீசல், பற்றரி எல்லாம் தடைப்பட்டியலில். 1990, 91 காலத்தில் தீவகத்திலிருந்து பெருந்தொகைச் சனம் இடம்பெயர்ந்தது. பலர் குடாநாட்டுக்குள் வந்து அந்தத் தடைக்குள் வாழ்ந்தார்கள்.

அந்தக் காலத்து யாழ்ப்பாணத்தைப் பற்றி அம்மா அப்பாவைக் கேட்டுப் பாருங்கோ, ஆளுக்கொரு பொறியியல் பாடம் எடுப்பினம். பழைய மொறிஸ், ஒஸ்ரின் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. காபரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். மண்ணெண்ணெய் குளிரில் இலகுவாக ஆவியாகாது, சூட்டில் ஆவியாகும் என்பதுதான் அதன் இரகசியம். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலியில் செய்தி கேட்டார்கள். ஜாம் போத்தல் விளக்கில் பிள்ளைகள் படித்தார்கள். அவர்களில் எத்தனையோ பேர் அந்த வெளிச்சத்திலேயே பல்கலைக்கழகம் வந்தார்கள்.

இதை வீரக்கதையாக மட்டும் சொல்லிக்கொண்டு போக எனக்கு விருப்பமில்லை. சிக்காகோவில் வழி அடைபட்டபோது ஆய்வுக்கூடமும் அரச பணமும் வந்தது. இங்கே வழி அடைபட்டபோது வந்தது ஜாம் போத்தல். புத்தி இரண்டு இடத்திலும் இருந்தது.

குடாநாடு தேசிய மின்வலையோடு மறுபடி சேர இருபது வருடத்துக்கு மேல் எடுத்தது. இடையில் டீசலும் எண்ணெயும்தான் மின்சாரம் தந்தது. அதன் விலையைச் சுன்னாகத்துக் கிணறுகள் கொடுத்தன. நிலத்தடி நீரில் எண்ணெய் கலந்த வழக்கில் 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம், 'நோதேர்ன் பவர்' நிறுவனம் 2 கோடி ரூபா இழப்பீடு கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

2022இல் டொலர் இல்லாமல் போக, முழு இலங்கையும் கொஞ்சக் காலம் நெடுந்தீவு மாதிரி ஆனது. எல்லாரும் கப்பல் எப்ப வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொழும்புத் தொடர்மாடி வீடுகளிலும் ஆக்கள் விறகையும் கரியையும் தேடினார்கள். ஏணியின் முதல் படிக்கு எல்லாரும் இறங்கி வந்த வருடம் அது.

இப்போது யார் முடிவு செய்கிறார்கள்?

நயினாதீவு, அனலைதீவு, நெடுந்தீவு மூன்றுக்கும் சூரிய ஒளி, காற்று, பற்றரி கலந்த மின்திட்டம் ஒன்று வந்தது. 2021 சனவரியில் அமைச்சரவை அதை ஒரு சீனக் கூட்டு நிறுவனத்துக்குக் கொடுக்க அனுமதித்தது. பணம் ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடன். இந்தியா எதிர்த்தது, ஏனென்றால் இந்தத் தீவுகள் இராமேஸ்வரத்திலிருந்து சுமார் 50 கிலோமீற்றர் தூரம். அந்த வருட இறுதியில் மூன்றாம் தரப்பொன்றின் பாதுகாப்புக் கவலையால் திட்டம் இடைநிறுத்தப்பட்டதாகச் சீனத் தூதரகம் சொன்னது. 2022 மார்ச்சில் இந்தியாவோடு புரிந்துணர்வு ஒப்பந்தம். 2024 மார்ச்சில் 11 மில்லியன் டொலர் இந்திய நன்கொடையில் பெங்களூர் நிறுவனம் ஒன்றுக்கு ஒப்பந்தம். மூன்று தீவுக்கும் சேர்த்து 1,700 கிலோவாற்று சூரியசக்தி, 530 கிலோவாற்று காற்று, 2,400 கிலோவாற்று மணித்தியாலப் பற்றரி. கூடவே 2,500 கிலோவாற்று டீசல், அவசரத்துக்கு.

சீனாவா இந்தியாவா என்று மூன்று வருடம் பத்திரிகைகளில் கதைத்தார்கள். மீன்பிடிக்கப் போகிறவருக்கு ஐஸ் எப்படி வரும், ஆஸ்பத்திரியில் மருந்து குளிராக இருக்குமா, பிள்ளை இரவில படிக்குமா என்பதெல்லாம் அந்தக் கதையில் வரவில்லை. தீவு வரைபடத்தில் ஒரு புள்ளி, அந்தப் புள்ளிக்கும் இராமேஸ்வரத்துக்கும் இடையில் ஒரு தூரம், அவ்வளவுதான். 1974இலும் 1976இலும் நடந்ததும் இதுதான்.

சூரியனும் காற்றும் வருவது நல்லது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் கரி பஸ்ஸின் உருளை, டென்ற்றின் ஆய்வுகள், டகோட்டா ஆலையின் கடன், எல்லாம் சொல்கிற பாடம் ஒன்றுதான். புதிய வழி ஒன்று நிலைப்பதற்கு அது வேலை செய்தால் மட்டும் போதாது. நெருக்கடி போன பிறகும் அதைப் பிடித்துக்கொண்டிருக்க ஆக்கள் வேணும். உப்புக்காற்றில் இன்வேர்ட்டர் பழுதானால், பற்றரி கிழண்டிப் போனால், திருத்துபவர் குறிகட்டுவானில் படகுக்குக் காத்திருக்கக் கூடாது. அவர் நெடுந்தீவிலேயே இருக்க வேணும். நயினாதீவிலும் அனலைதீவிலும் இருந்து பொடியளும் பெட்டையளும் இதைப் படித்து, சம்பளத்துக்கு இந்த வேலையைச் செய்ய வேணும். உதிரிப்பாகங்கள் தீவிலேயே கிடக்க வேணும். நிலையத்தின் கணக்கு ஊராக்கள் பார்க்கக்கூடியதாக இருக்க வேணும். இது ஒண்டும் நடக்காட்டி, பக்கத்தில தயாரா நிக்கிற அந்த 2,500 கிலோவாற்று டீசல்தான் சத்தம் போடாமல் திரும்ப வரும், படகில ஏறி.